பழைய ஃபார்முலா கார் வாங்கலாமா? காரைக்காலில் இருந்து ஒரு கணக்கு

காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ மோட்டார் பந்தயத்தில் ஆசை வைத்திருக்கும் ஓர் இளைஞர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பழைய ஃபார்முலா கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, நாமே பழுது பார்த்து, நாமே ஓட்ட முடியாதா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி வார இறுதியில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். பள்ளி ஆசிரியர், தச்சர், மெக்கானிக் என்று எல்லாத் தொழிலினரும் அங்கே தங்கள் பழைய வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தடத்துக்கு வருகிறார்கள். நம் ஊரில் அது ஏன் நடக்கவில்லை, நடக்க வழி உண்டா என்பதை முழுமையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான பந்தயத்தை உருவாக்குவது மலிவான வண்டி அல்ல, நிலையான விதி. ஒரு வகுப்பின் விதி பல ஆண்டு மாறாமல் நின்றால் பழைய வண்டிக்கு மதிப்பு இருக்கும், உதிரிபாகம் கிடைக்கும், சேர்ந்து ஓட ஆளும் இருக்கும். விதி மாறிவிட்டால் அதே வண்டி பட்டறை மூலையில் கிடக்கும் இரும்புதான். இதை இந்தியாவுக்குக் கற்பிக்க வெளிநாட்டிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் 1980களின் இறுதியிலேயே செய்து காட்டிவிட்டார்.

சோழவரம் முதல் கோவை வரை

தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயம் சோழவரத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. அங்கே ஓடிய ஒற்றையிருக்கை வண்டிகள் இரண்டு வகை. வசதி படைத்தவர்கள் ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த பந்தயக் கார்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 வண்டியையே அங்கே ஓட்டினார். அந்த வசதி இல்லாதவர்கள் ஃபியட், ஹெரால்டு போன்ற ஊர்க்கார்களின் எஞ்சினைக் கழற்றி, குழாய்களை வெல்டிங் செய்த சட்டத்தில் பொருத்தித் தாங்களே வண்டி கட்டினார்கள்.

இரண்டு வகைக்கும் ஒரே குறை இருந்தது. ஒவ்வொரு வண்டியும் தனித்தனி. இறக்குமதி வண்டியில் ஒரு கியர் உடைந்தால் மாற்று கியர் இந்தியாவில் இல்லை. உள்ளூரில் கட்டிய வண்டி அதைக் கட்டியவர் கையில் மட்டுமே ஓடும். இன்னொருவருக்கு விற்றால், அதன் குணம் புரியாமல் அவர் திணறுவார். அதனால் பழைய வண்டிச் சந்தை என்று ஒன்று உருவாகவே இல்லை.

இதை மாற்றியவர் கோவையின் எஸ். கரிவர்தன், நண்பர்களுக்குக் 'கரி'. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பந்தய ஓட்டுநர், வண்டி வடிவமைப்பாளர், விமானம் ஓட்டுபவரும்கூட. 1983 இறுதியில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் இந்தியாவின் எந்த ஊரிலும் அதன் எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் இருந்தார், பிஸ்டன் ரிங்கும் கேஸ்கெட்டும் பக்கத்துக் கடையில் கிடைத்தன. அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒரே மாதிரியான சிறிய ஃபார்முலா கார்களை 1988ஐ ஒட்டி கரி கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற வகுப்பு அதுதான்.

இதன் பொறியியல் எளிமையானது, அதனாலேயே கெட்டியானது. முன்சக்கர இயக்க வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டை அப்படியே பின்னுக்குக் கொண்டுபோனால் பின்சக்கர இயக்கப் பந்தய வண்டிக்கு வேண்டிய அமைப்பு கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டுப் பந்தய கியர்பாக்ஸ் தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்தைக் கொட்டி வேகத்தை வாங்க வழியில்லை. வெற்றி ஓட்டுநரின் கையில்.

அந்த வகுப்பில் வளர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் அதன் அருமை புரியும். நரேன் கார்த்திகேயன் 1993இல் ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்றார், 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். கருண் சந்தோக் 2000இல் ஃபார்முலா மாருதி பட்டம் வென்று, 2010இல் ஃபார்முலா 1க்குப் போனார். நடிகர் அஜித்குமாரும் 2002இல் ஃபார்முலா மாருதி ஓட்டிய பிறகே 2003இல் ஆசிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ தொடரிலும் 2010இல் ஃபார்முலா 2 தொடரிலும் ஓட்டினார். குடும்பக் காரின் எஞ்சின் இவர்களுக்கு முதல் படியாகப் போதுமானதாக இருந்தது.

கரி 1995இல் விமான விபத்தில் இறந்தார். ஆனால் அவர் போட்ட அடித்தளம் நின்றது. கோவையின் சங்கிலி உற்பத்தி நிறுவனமான எல்.ஜி.பி. ஆதரவில் சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறை புதிய தலைமுறை வண்டிகளைக் கட்டியது. 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றே பெயர் வைத்தார்கள். இன்று ஜே.கே. டயர் தேசியத் தொடரில் ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4, மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சினை வைத்து அதே சிந்தனையைத் தொடர்கிறது.

விதி நிலைத்தால் வண்டி நிலைக்கும்

வெளியுலகிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் 1963இல் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா வீ, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1200 சிசி எஞ்சினையும் முன்பக்க சஸ்பென்ஷனையும் கொண்டு கட்டப்பட்டது. இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டின் முதல் பந்தயம் 1967 ஜூலை 2 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் நடந்தது. வண்டி விலை ஆயிரம் பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அதற்கும் முன்பு, 1939இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப், ஆஸ்டின் செவன் என்ற மலிவான குடும்பக் காரை வைத்துப் பந்தயம் நடத்தியது. லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய கோலின் சாப்மன் அந்த வகுப்பில் தன் கையால் கட்டிய வண்டியோடு வளர்ந்தவர்.

இந்த வகுப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஃபார்முலா ஃபோர்டின் பழைய கென்ட் எஞ்சினுக்கு நல்ல பிளாக் கிடைக்காத நிலை வந்தபோது, சாலைக் காரில் அந்த எஞ்சினை எப்போதோ கைவிட்டிருந்த ஃபோர்டு நிறுவனம் பந்தயக்காரர்களுக்காகவே புதிய பிளாக்குகளை வார்த்துத் தந்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய வண்டியை இன்றும் ஒருவர் வாங்குகிறார் என்றால், அது ஓட ஒரு பந்தயம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் காரணம். ஒரு தலைமுறை விற்கிறது, அடுத்த தலைமுறை வாங்குகிறது. புதியவரும் ஏழைப் பொறியாளரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

இந்தியாவில் இன்றைய நிலை

நம் நாட்டில் இருக்கைக்குப் பணம் கட்டி ஓட்டும் முறையே இப்போது வழக்கம். டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். நடத்தும் ஃபார்முலா வகுப்புகளில் வண்டி நிறுவனத்துடையது. எல்.ஜி.பி. ஃபார்முலா 4இல் வண்டிகள் பெரும்பாலும் அணிகளின் வசம் இருக்கின்றன. ஓட்டுநர் ஒரு சுற்றுக்கோ ஓர் ஆண்டுக்கோ கட்டணம் செலுத்துகிறார். இந்திய எஃப்4 தொடரில் ஓடும் மைகேல் வண்டி, கார்பன் உடலும் 180 குதிரைத்திறனும் கொண்டது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் இரவு விளக்கொளியில் அது ஓடியதைப் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த வண்டியும் தனி ஆள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதற்கானது அல்ல.

இந்த முறைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. டயர் நிறுவனங்கள் செலவில் பெரும்பங்கை ஏற்பதால் ஓட்டுநரின் கட்டணம் குறைகிறது. முத்திரையிட்ட எஞ்சின், ஒரே மாதிரி டயர் என்பதால் போட்டி நேர்மையாக இருக்கிறது. வண்டியைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் இருப்பதால் பாதுகாப்பும் கூடுகிறது. முதல்முறை ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்.

இழப்பும் பெரிது. வண்டி சொந்தமில்லை என்றால் கற்பதும் பாதிதான். மழைக்கு முன் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, எவ்வளவு குறைக்க வேண்டும், எந்தச் சுற்றுக்குப் பின் பிரேக் எண்ணெய் கொதிக்கிறது என்பதெல்லாம் அணியின் மெக்கானிக்குக்குத் தெரியும். ஓட்டுநர் அறியாமலேயே போகிறார். பழைய வண்டிகள் விலைக்கு வந்தாலும் வாங்குகிறவருக்கு ஓட்ட வகுப்பு இல்லை. அதனால் ஒரு காலத்தில் இந்தியாவின் ஓட்டுநர்களை வளர்த்த ஃபார்முலா மாருதி வண்டிகள் போட்டியில் இருந்தே மறைந்துவிட்டன. மாருதி 800 உற்பத்தியே 2014இல் நின்றாலும் அதன் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது என்பதை நினைத்தால், இது வீணாய்ப் போன சொத்து.

வெளிநாட்டிலிருந்து மலிவாக ஒரு பழைய ஃபார்முலா ஃபோர்டை வரவழைக்கலாமே என்று தோன்றலாம். ஊரிலேயே காரைக்கால் துறைமுகம் இருந்தும் இந்த ஆசைக்கு அது உதவாது. இந்தியாவின் பழைய வாகன இறக்குமதி விதி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பை வழியாகத்தான் வர வேண்டும் என்கிறது. சாலைக் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த விதிக்குள், நடுவில் ஸ்டீயரிங் உள்ள நாற்பது வயது வண்டி நுழையாது. ஆகவே உள்ளூரில் கட்டிய வண்டிதான் நமக்கு மலிவான வண்டி.

வாங்கும் முன் கை வைத்துப் பார்க்க வேண்டியவை

கோவையிலோ சென்னையிலோ ஒரு பழைய ஒற்றையிருக்கை வண்டி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சத்தத்தையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்கக் கூடாது. மாருதி எஞ்சினை மீண்டும் கட்டுவது எளிது. சட்டம் முறுகியிருந்தால் நிமிர்த்துவது கடினம். பார்க்க வேண்டிய வரிசை சட்டத்தில் தொடங்கி எஞ்சினில் முடிய வேண்டும்.

முதலில் மேலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். இடது முன் சஸ்பென்ஷன் பிடிப்பிலிருந்து வலது பின் பிடிப்புக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் டேப் பிடித்துக் குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் வண்டி எப்போதோ சுவரில் மோதியிருக்கிறது. பிறகு நான்கு சக்கரத்தின் அடியிலும் தராசு வைத்து எடை பாருங்கள். முறுகிய சட்டத்தில் எதிரெதிர் மூலைகளின் எடையை எளிதில் சமன்செய்ய முடியாது. ஒரு பக்கத் திருப்பத்தில் நன்றாகப் போகும் வண்டி மறுபக்கத் திருப்பத்தில் வழுக்கும்.

அடுத்து ரோஸ் ஜாயின்ட். சஸ்பென்ஷன் கைகளின் முனையில் பந்துபோல் திரும்பும் சிறிய இணைப்பு அது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் இணைப்பின் மேல் ஒரு விரலை வைத்திருக்க வேண்டும். காதில் கேட்பதற்கு முன்பே விரலுக்கு அந்தச் சிறு தட்டல் தெரிந்துவிடும். தெரிந்தால் அது மாற்ற வேண்டிய ஜாயின்ட். ஒரு வண்டியில் இவை நிறைய இருக்கும் என்பதால், மொத்தமாக மாற்றும் செலவை விலை பேசும்போதே கழிக்க வேண்டும்.

மூன்றாவது வெடிப்புச் சோதனை. சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட், ஹப், சஸ்பென்ஷன் பிடிப்புகளின் வெல்டிங் ஓரம் ஆகியவற்றைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்துச் சில நிமிடம் விட வேண்டும். பிறகு சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடித் தெளிப்பை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில் ஒளிந்திருக்கும் சாயம் முடிபோல் மெல்லிய சிவப்புக் கோடாக மேலே வரும். இந்தச் சோதனைக்கான டப்பாக்கள் வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. உயிரைக் காக்கும் சோதனை இது; இதற்குச் சம்மதிக்காத விற்பவரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

காரைக்காலுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. குழாய்ச் சட்டத்தின் உள்ளே பிடிக்கும் துரு வெளியே தெரியாது. குழாய்களைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே அரித்த இடத்தில் மட்டும் சத்தம் மங்கும். அங்கே ஒரு சிறு துளையிட்டுப் பார்ப்பதற்குத் தயங்கக் கூடாது, பிறகு அடைத்துவிடலாம். வாங்கிய வண்டியைக் கடற்கரை ஊரில் திறந்த கொட்டகையில் நிறுத்தி வைப்பதும் கூடாது.

கடைசியில்தான் எஞ்சின்: எல்லாச் சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்து, காற்றுக் கசிவுச் சோதனையும் செய்தால் போதும். வண்டியோடு வரும் உதிரி விஷ்போன், சக்கரங்கள், கியர்கள், அணி எழுதிவைத்த அளவுக் குறிப்பேடு ஆகியவற்றின் மதிப்பு பல சமயம் எஞ்சினைவிட அதிகம்.

வண்டி விலைக்கு அப்பால்

வண்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. மற்ற செலவுகள் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். தீப்பிடிக்காத உடை, பந்தயத் தரச் சான்றுள்ள ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி ஆகியவற்றில் பழையது வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. சீட் பெல்ட்டுகளுக்குச் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிப்படி ஐந்து ஆண்டுதான் ஆயுள். பழைய வண்டியோடு வரும் பெல்ட் பெரும்பாலும் காலாவதியானதாகவே இருக்கும். ஓட்டுநருக்கு இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் வேண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சியும் மருத்துவச் சான்றும் தேவை.

போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேருங்கள். சென்னை அருகே 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் காரைக்காலில் இருந்து சுமார் 300 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையம் 350 கிலோமீட்டருக்கும் மேல். பந்தய வண்டிக்குப் பதிவெண் கிடையாது. அதனால் காரைக்கால் அடங்கிய புதுச்சேரிப் பகுதியின் குறைந்த பதிவு வரியும் இதற்குப் பயன்படாது. சாலையில் ஓட்டவே முடியாது என்பதால் லாரியிலோ இழுவை வண்டியிலோதான் கொண்டுபோக வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. வண்டி மோதினால் முழுச் செலவும் சொந்தக் கையிலிருந்துதான்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஓட்டிப் பார்த்தால் என்ன என்று யாராவது நினைத்தால், அவர்களிடம் இதை நேராகச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓடுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம், அந்தச் சாலையில் பால் எடுத்துப் போகிறவரும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவரும் இருக்கிறார்கள். தடத்தில் தவறினால் சரளைக்கல் பரப்பில் நின்று எழுந்துவரலாம். சாலையில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

காரைக்கால் என்ன செய்யலாம்

தனி ஆளாகப் பார்த்தால் இது எட்டாத செலவு. ஆனால் இந்தக் கரையில் விலையுயர்ந்த ஒரு பொருளைப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. விசைப்படகை நாலு பேர் பங்குபோட்டு வாங்கி, எஞ்சின் செலவையும் வலைச் செலவையும் பங்கிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். அதே முறையில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். ஒருவர் ஒரு சுற்று ஓட்ட, மற்றவர்கள் பட்டறை வேலை பார்க்கலாம். யார் மோதினாலும் செலவு யாருடையது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

கைத்திறனுக்கும் இங்கே குறைவில்லை. நெல் அறுவடை இயந்திரத்தை வயல் வரப்பிலேயே பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளும், படகு எஞ்சினுக்குச் சாஃப்ட் கடையும் லேத் பட்டறைகளும் உள்ள ஊர்கள் இவை. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. நாட்டின் பல கல்லூரி மாணவர்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்காகத் தாங்களே ஒற்றையிருக்கை வண்டி கட்டி, கரி தடத்துக்கே கொண்டுபோகிறார்கள். ஓடி முடித்த ஒரு பந்தய வண்டியைக் கல்லூரி வாங்கி, மாணவரும் ஊர் மெக்கானிக்கும் சேர்ந்து பிரித்துப் படித்தால், புத்தகத்தில் வரும் சஸ்பென்ஷன் பாடம் கைக்குப் பழகிவிடும்.

ஓட்டுநராக விரும்புகிறவர் முதலில் கோகார்ட்டில் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு பயிற்சிப் பள்ளி, அதன்பின் எல்.ஜி.பி. ஃபார்முலா 4இல் ஒரு சுற்று வாடகை இருக்கை. இவ்வளவுக்கும் பிறகும் ஆசை குறையாவிட்டால்தான் வண்டி வாங்க வேண்டும். வாங்கும்போதும் குழாய்ச் சட்டம், மாருதி எஞ்சின் இரண்டும் உள்ள வண்டியையே பார்க்க வேண்டும். ஃபார்முலா பிஎம்டபிள்யூ எஃப்பி02 போன்ற கார்பன் உடல் வண்டி அழகானது, 140 குதிரைத்திறன் கொண்டது. உடல் விரிசல் விட்டால் நம் ஊர்ப் பட்டறையில் ஒட்ட முடியாது.

பெரிய வேலை போட்டி நடத்துவோருக்கு இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் ஆண்டுக்குச் சில நாட்களாவது பழைய உள்ளூர் ஒற்றையிருக்கை வண்டிகளுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும். எஞ்சினைத் திருத்தத் தடை, மலிவான சாலை டயர், பத்து ஆண்டு மாறாத விதி என்ற மூன்றும் போதும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் பட்டறைகளில் தூங்கும் வண்டிகளுக்கு மறுநாளே விலை வரும். அந்த விலை வந்தால் உதிரிபாகம் வரும், மெக்கானிக் வருவார், காரைக்காலில் இருந்தும் ஒரு குழு லாரி ஏற்றிப் புறப்படும்.

அதுவரை பழைய ஃபார்முலா கார் வாங்க நினைப்பவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "விலை எவ்வளவு?" என்பதல்ல. "இது அடுத்த ஆண்டு எந்தப் பந்தயத்தில் ஓடும்?" என்பதுதான். பதில் தெளிவாக இருந்தால் பணம் கொடுக்கலாம். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஒரு சுற்று வாடகை இருக்கைக்குச் செலவிடுவதே அறிவு. பந்தயம் செல்வந்தரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதை மாருதி எஞ்சினை வைத்து ஒரு தமிழர் முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே நிறுவினார். அவர் திறந்த கதவு இப்போது பாதி மூடிக் கிடக்கிறது. அதை மீண்டும் திறக்கும் அதிகாரம் விதி எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது.